மலைக்காற்றும் இறகுப்பந்தும்

உதகையில் இறகுப்பந்து கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் காற்றே முதல் ஆசிரியர். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரையில் இருப்பதைவிட இங்குக் காற்றின் அழுத்தம் ஏறக்குறையக் கால்பங்கு குறைவு. மெலிந்த காற்று பந்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவே, சமவெளியில் கோட்டுக்குள் அடங்கிவிடும் அடி இங்கே கோட்டைத் தாண்டிப் போய் விழுகிறது. இதனால்தான் மலையூர்களில் வேகம் குறைந்த பந்தாகப் பார்த்து வாங்குகிறோம். பந்துகள் அடைத்து வரும் குழாயின்மீது 75, 76, 77, 78 என்று எண் குறித்திருப்பார்கள். எண் குறையக் குறைய வேகமும் குறையும். ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஓரடி தூரம் வேறுபாடு. 1882ஆம் ஆண்டில் உதகைக் கிளப்பில் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேசைமேல் உருளும் பந்து காற்றைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

இவையெல்லாம் எனக்குத் தெரியவந்தது என் பேத்தியால். எட்டு வயதில் மட்டையைப் பிடித்தவளுக்கு இப்போது வயது பதினான்கு. சென்ற ஆண்டு மழைக்காலத்துக்கு முன், கோவையிலிருந்து மலையேறி வந்த பயிற்சியாளர் ஒருவர் அவளது ஆட்டத்தை இரண்டு நாட்கள் பார்த்தார். பிறகு என் மகனைத் தனியே அழைத்து, "பெண்ணைக் கீழே அனுப்புங்கள். விடுதியில் தங்கட்டும். இன்னும் நான்கு ஆண்டுகளில் உலக இளையோர் போட்டியைக் குறிவைக்கலாம்" என்று கூறிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டார். அவர் போய்விட்டார், எங்கள் வீட்டு அமைதியும் அவரோடு போயிற்று.

உலக இளையோர் இறகுப்பந்துப் போட்டி பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கானது. 1992இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. 1996இல் டென்மார்க்கில் அபர்ணா போபட் வெள்ளி வென்றார். 2008இல் புனேயில் நடந்தபோது சாய்னா நேவால் தங்கம் வென்றார். இந்தியர் ஒருவருக்கு அதுவே முதல் தங்கம். நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2022 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டுச் சாந்தாந்தேர் நகரில், சென்னையைச் சேர்ந்த இடக்கை ஆட்டக்காரர் சங்கர் முத்துசாமி இறுதிப் போட்டி வரை சென்றார். எதிராளி களைத்துப் போகும்வரை எத்தனை அடியானாலும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஆட்டம் அவருடையது. இறுதியில் தைவானின் குவோ குவான் லின்னிடம் 14-21, 20-22 என்று தோற்றார். அந்த இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளிகளை என் மகன் கைபேசியில் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பானோ, கணக்கில்லை. அதே சங்கர் 2025 மார்ச்சில் சுவிஸ் ஓப்பன் போட்டியில், உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவரான டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆன்டன்சனை வென்றார். வென்ற ஆட்டத்தைவிடத் தோற்ற ஆட்டத்தையே என் மகன் விரும்பிப் பார்ப்பதன் காரணம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

2025 அக்டோபரில் இப்போட்டி கவுகாத்தியில் நடைபெற்றது. மலையில் மழையும் மூடுபனியுமாக இருந்த நாட்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ஆயினும் எங்கள் வீட்டில் ஓர் ஆட்டம் விடவில்லை. கலப்பு அணிப் போட்டியின் காலிறுதியில் இந்தியா கொரியாவைச் சந்தித்தது. முதல் பகுதியை 44-45 என்று ஒரே புள்ளியில் இழந்தபின், அடுத்த இரண்டையும் 45-30, 45-33 என்று வென்றார்கள். அரையிறுதியில் இந்தோனேசியாவிடம் தோற்றாலும் வெண்கலம் உறுதியாயிற்று. அணிப் போட்டியில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி. காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் வேறு வேலை நடக்கவில்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூரைச் சேர்ந்த பதினாறு வயது தன்வி சர்மா ஆடினார். சாய்னாவுக்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் கழித்து இப்பிரிவில் பதக்கம் உறுதி செய்திருந்தவர். கைப்பந்து ஆடிய தாயே அவருக்கு முதலில் பயிற்சி அளித்தவர் என்று படித்திருந்தோம். தாய்லாந்தின் அன்யாபத் பிச்சித்பிரீச்சாசக் 15-7, 15-12 என்று வென்றுவிட்டார். பேத்தி ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனாள். அப்போது என் மருமகள் அடுப்படியிலிருந்து கேட்டாள்:

"மாமா, வெள்ளி வாங்கிய பிள்ளையின் பெயரையாவது நாளைக்குச் செய்தித்தாளில் போடுவார்கள். முதல் சுற்றில் தோற்றுத் திரும்பிய பிள்ளைகளின் பெயர் யாருக்குத் தெரியும்? நம் பிள்ளை அவர்களில் ஒருத்தி ஆனால்?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒற்றையர் போட்டியில் எத்தனை பேர் கலந்துகொண்டாலும், ஒருத்தியைத் தவிர மற்ற அனைவரும் ஒரு தோல்வியோடுதான் ஊர் திரும்புகிறார்கள். முதல் நாளில் தோற்றவளுக்கும் இறுதி நாளில் தோற்றவளுக்கும் தோல்வி ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை அனுப்புகிற வீடு, பேருந்து நிலையத்தில் அந்தத் தோல்வியை வரவேற்கத் தயாராக இருக்க வேண்டும். இதைப் பயிற்சியாளர்கள் சொல்வதில்லை; அது அவர்கள் வேலையும் அன்று.

2010இல் இப்போட்டி மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் நடந்தது. அதுவும் நம் ஊரைப் போல் மேட்டு நிலமே. ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரம். ஆண்கள் பிரிவில் அங்கே தங்கம் வென்ற விக்டர் ஆக்சல்சன் பின்னர் ஒலிம்பிக்கில் இருமுறை தங்கம் வென்றார். அதே போட்டியில் காலிறுதியோடு திரும்பியவர்களில் பி.வி. சிந்துவும் ஒருவர். அவர் பிறகு ஒலிம்பிக்கில் இரு பதக்கங்களும் 2019இல் உலகப் பட்டமும் வென்றதை நாம் அறிவோம். மருமகளிடம் இதைச் சொன்னேன். "சிந்துவின் கதை நமக்குத் தெரிவது அவர் பின்னால் வென்றதால்தானே, மாமா" என்றாள். அவள் ஆசிரியை, விவாதத்தில் அவளிடம் வெல்வது கடினம்.

பணக் கணக்கும் இருக்கிறது. ஒரு பந்தில் பதினாறு இறகுகள்; நல்ல பந்துக்கு வாத்தின் இறகு வேண்டும். ஒரே பந்தில் இடச்சிறகின் இறகையும் வலச்சிறகின் இறகையும் கலந்தால் அது சீராகச் சுழலாது. சீனாவில் வாத்து வளர்ப்பது குறைந்ததால் 2025இல் உலகெங்கும் பந்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறிற்று. கடுமையான பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் சில பந்துகள் சிதைந்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் மகனின் சம்பளத்தில் இது சிறு செலவு அன்று. பயிற்சிக்கு நைலான் பந்து போதும் என்று சிலர் கூறுகிறார்கள். கைப்பழக்கம் கெட்டுவிடும் என்கிறாள் பேத்தி.

முடிவில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பள்ளியை விடுவதில்லை, கோடை விடுமுறையில் மட்டும் கோவையில் பயிற்சி, அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின் மற்றதைப் பேசுவது. பேத்தி இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே பெட்டியைக் கட்டினாள். மேட்டுப்பாளையம் வழியாக மகன் அவளை அழைத்துச் சென்றான்.

முதல் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள்.

"தாத்தா, இங்கே பந்து போகவே மாட்டேன் என்கிறது. எல்லாம் கோட்டுக்கு இரண்டடி உள்ளேயே விழுகிறது. எதிரில் ஆடிய பெண் ஒவ்வொன்றையும் அடித்து நொறுக்கிவிட்டாள்" என்றாள். குரல் சற்றுத் தழுதழுத்தது. "எத்தனை எண் பந்து?" என்று கேட்டேன். "எழுபத்தெட்டு" என்றாள். காற்றின் கணக்கை நான் விளக்கத் தொடங்குமுன் மருமகள் கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இரவுக்கு என்ன சாப்பிட்டாள், போர்வை போதுமா, கொசு கடிக்கிறதா என்று வெகுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.