இன்னும் ஒரு வருஷம்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குக் கூடைப்பந்து என்றால் 'பாஸ்கெத்' தான். அந்த உச்சரிப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. சோழவரத்து வீட்டுத் திண்ணையில் போன வாரம் சத்னாம் சிங்கைப் பற்றிப் பேரனோடு பேச்சு வந்தபோதும் அதைக் கேட்டுச் சிரித்தான்.

பஞ்சாபில் பல்லோ கே என்கிற கிராமத்துப் பையன் சத்னாம். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 2015ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர், வயது 19. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. துணை அணியான டெக்சாஸ் லெஜெண்ட்ஸில் இரண்டு பருவம் இருந்தார். அங்கேயும் பெரும்பாலும் பெஞ்சுதான். 2017ல் ஊர் திரும்பிவிட்டார். நம் ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். ஆட்டக்காரர்களுக்காவது ஆட்டம் போனாலும் உத்தியோகம் இருக்கும்.

"ஓட்டம் போதாது தாத்தா. இப்போ நெட்டை ஆளும் தூரத்திலிருந்து மூணு புள்ளி போடணும். எதுக்கு நீட்டிக்கணும்?" என்றான் பேரன்.

நியாயம்தான். ஆனால் நான் தற்காலிகப் பணியாளர்களின் நீட்டிப்புக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். களத்தில் இறக்காமலே ஒருவனை எப்படி எடை போடுவது? இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டு ஆடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றேன்.

ஒருமுறை, மேலதிகாரி சொன்னார் என்று, 'திறமை போதவில்லை, நீட்டிக்கத் தேவையில்லை' என ஒரு பையனைப் பற்றி நானே குறிப்பு எழுதினேன். அந்த ஆறு மாதமும் அவனுக்கு உட்கார நாற்காலிகூடத் தரவில்லை.

"அப்புறம் அவர் என்ன ஆனார் தாத்தா?"

நான் விசாரிக்கவே இல்லை.