பவுல் பேராலய வீதியில் ஒரு புத்தகசாலை

இலண்டனில் தூய பவுல் பேராலயத்தைக் காணச் செல்வோர் அதன் கவிகைமாடத்தை அண்ணாந்து நோக்கி மீள்வர். அதனைச் சூழ்ந்த வீதியிலேயே, 1745ஆம் ஆண்டில், ஜோன் நியூபெரி என்பார் சிறுவர் நூல்களால் புகழெய்திய தமது புத்தகசாலையை அமைத்தார் என்பதை அறிவோர் சிலரே.

1802இல், எழுத்தாளர் சாள்ஸ் லாமின் தமக்கையார் மேரி அங்கு சென்று 'கூடி ரூ சூஸ்' என்னும் பழைய கதைநூலைக் கேட்டார். கடைச் சிப்பந்தி அதனை அலுமாரி மூலையிலிருந்து வேண்டாவெறுப்பாக எடுத்தான். திறிமர் அம்மையார் போன்றோரின் போதனை நூல்களோ குவிந்து கிடந்தன. இதனை லாம் தம் நண்பர் கோல்றிஜுக்கு மனம் நொந்து எழுதினார்.

போதனை எல்லை கடந்ததும் உண்டு. 1818இல் ஷேர்வூட் அம்மையார் எழுதிய 'பெயர்சைல்ட் குடும்பம்' என்னும் கதையில், தம்முட் சண்டையிட்ட பிள்ளைகளுக்குத் தந்தை கழுமரத்தில் தொங்கும் கொலைஞனின் உடலைக் காட்டுகிறார். அங்கே அச்சமே ஆசான்.

மேரி கேட்ட நூலும் நீதிநூலே. ஏழைச் சிறுமியொருத்தி கல்வியால் உயர்ந்து ஆசிரியையாவதே அதன் கதை. ஆயினும் அது கதையாக நின்று அறம் உரைத்தது. 1807இல் லாம் உடன்பிறப்புகள் எழுதிய சேக்ஸ்பியர் கதைகள் இன்றும் மாணவர் கைகளில் உலவுகின்றன. அஞ்சிக் கற்ற அறம் அச்சம் நீங்க அகலும். மகிழ்ந்து கற்றதே நெஞ்சில் நிலைக்கும்.