பெரியப்பாவின் குட்டி மாத்திரை

தலைவலி என்றால் எங்கள் பாகலூரில் பலர் ஒரு டிஸ்பிரினைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். என் பெரியப்பா தினமும் போடும் எக்கோஸ்பிரினும் அதே மருந்துதான் என்றால் நம்பமாட்டார்கள். இரண்டுமே ஆஸ்பிரின். அதில் 350 மில்லிகிராம், இவருடையதில் 75.

வலிக்குத்தான் அதிகம் வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்க இந்தத் துளியே போதும். ஒருமுறை மாட்டிய தட்டணு தன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள், எழுந்திருக்காது!

பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது, போட்டே ஆகவேண்டும். பல் பிடுங்கப் போனபோது ரத்தம் நிற்காது என்று தானாக நிறுத்தப் பார்த்தார். பெரியம்மா விடவில்லை. இதய டாக்டரைக் கேட்டு, மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கினார்கள்.

அவரைப் பார்த்து பக்கத்து வீட்டுத் தாத்தாவும் ஆரம்பித்துவிட்டார், "நெஞ்சுக்கு நல்லதாமே" என்று. அவருக்கு இதய நோயே கிடையாது, வயிற்றுப்புண் வேறு. 2018-ல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் இதய நோயில்லாத 19,114 முதியவர்கள் இருந்தார்கள். பாதிப்பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவோ வெறும் மாத்திரைக்காரர்களில் ஆயிரத்துக்கு 28 பேருக்கு, ஆஸ்பிரின் போட்டவர்களில் 38 பேருக்கு. பி.காம் மூளைக்கு இது சுத்த நஷ்டக் கணக்கு. டாக்டரும் நிறுத்தத்தான் சொன்னார். தாத்தாவுக்கு வாங்கிய அட்டை வீணான வருத்தம் :)

இன்னொன்று. காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். கடைக்காரர் டிஸ்பிரினை நீட்டினாலும் பாராசிட்டமால் கேளுங்கள்.