துப்பாக்கியைப் பார்த்தோம், பணத்தைப் பார்க்கவில்லை

அருப்புக்கோட்டையில் செல்போன் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மில் வேலைக்குப் போகிறவர்களும்தான் பெரும்பாலும் என் கடைக்கு வருகிறவர்கள். செல்போன் மீது அரசு போடும் வரியும், அதற்குள் ஓடும் விளையாட்டுகள் மீது போடும் தடையும் கடைசியில் வந்து இறங்கும் இடம் இப்படிப்பட்ட கடைகள்தான். அங்கே நின்று பார்த்ததில் எனக்கு ஒரு தெளிவு கிடைத்திருக்கிறது. என் குடும்பத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது விளங்கும். அதனால் இதுவரை சொந்தக்காரர்களிடம்கூடப் பேசாத சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு செல்போனில் வந்த புதிதில் என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி போர்வைக்குள்ளிருந்து "அடி, அடி, விடாதே" என்று சத்தம் வரும். என் மனைவி நடுங்கிப்போனாள். "இப்படிச் சுட்டுப் பழகுற பிள்ளை நாளைக்கு நிஜத்துல கை ஓங்க மாட்டானாங்க?" என்று கேட்டாள். அந்தப் பயம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல் துறை பப்ஜிக்குத் தடை போட்டு, தடையை மீறி விளையாடியதாக 10 பேரைக் கைது செய்தது. அவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு என் மனைவி மகனிடம் காட்டினாள். அவன் அன்று மட்டும் விளையாடவில்லை.

போனைப் பிடுங்குவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள், கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கிறார். சுடுவது இருந்தது, ரத்தம் இருந்தது. ஆனால் என்னை உலுக்கியது வேறு. யாரென்றே தெரியாத ஒருவன் வாய்ஸ் சாட்டில் வந்து என் பிள்ளையை அசிங்கமாகத் திட்டினான். என் பிள்ளையும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னான். மணி ஒன்றைத் தாண்டியும் எழ மனம் வராதபடி ஆட்டம் அடுத்த ஆட்டத்துக்கு இழுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடுப்பும் துப்பாக்கி வர்ணமும் வாங்கச் சொல்லித் திரை விடாமல் நச்சரித்தது. "யூசி போட்டுக் கொடுங்கண்ணே" என்று, விளையாட்டுக்குள் செலவழிக்கும் அந்தக் காசைக் கேட்டுக் கடைக்கு வரும் பையன்கள் எதற்காகப் பணம் கட்டுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. ஊரில் பெற்றோர்கள் பலர் அரசு தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்கள். தடைக்குப் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று அந்தப் பிரிவு பேசுகிறது. குழந்தைகள் மனசு கெட்டுப்போவதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சீனாவோடு எல்லையில் மோதல் நடந்த நேரத்தில், தகவல் வெளியே போகிறது என்ற காரணத்துக்காக வந்த தடை அது. வன்முறைக்கு மருந்து என்று நாங்கள் நம்பியது அந்த நோய்க்கு எழுதப்பட்ட மருந்தே இல்லை.

தடைக்குப் பிறகு நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் அக்டோபர் கடைசிவரை விளையாடினார்கள். அப்புறம் கொரியப் பதிப்பை ஸ்டோர் இல்லாமலே போனில் ஏற்றும் ஏபிகே ஃபைல் கைமாறியது. "விபிஎன் போட்டுத் தர்றீங்களாண்ணே?" என்று, தடையைத் தாண்ட உதவும் அந்த ஆப்பைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் கேட்டார்கள். முன்னாலாவது பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினார்கள். இப்போது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஃபைலுக்கு எல்லா அனுமதியும் கொடுத்தார்கள். 2021 ஜூலையில் அதே விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. அடுத்த ஜூலையில் அதுவும் காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு சுடும் விளையாட்டைத் தடை செய்தபோது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஸ்டோரிலேயே இருந்தது. பையன்கள் அன்று சாயங்காலமே அதற்கு மாறிவிட்டார்கள்.

இதே காலத்தில் வரியும் ஏறியது. 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பத்தாயிரம் ரூபாய் போனுக்கு 600 ரூபாய் கூடுதல். ஊரடங்கில் தறி நின்றிருந்தது, பள்ளிக்கூடம் போனுக்குள் போயிருந்தது. ஒரு அம்மா தாலியில் கோத்திருந்த குண்டுமணித் தங்கத்தை விற்றுப் பெண்ணின் ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்கினார். அந்த ரசீதில் வரியை எழுதும்போது எனக்குக் கை கூசியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி தரும் திட்டத்தை 2011-இல் தொடங்கிய மாநிலம் இது. படிப்பதற்குக் கருவி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட மாநிலத்தில், அந்தக் கருவிக்கே படிப்பு முடங்கிய நேரத்தில் வரியை ஏற்றினார்கள். விளையாடுகிற பையன் எப்படியாவது போன் வாங்கிவிடுவான். வாங்குவதைத் தள்ளிப்போட்டது பிள்ளையின் படிப்புக்காக வந்த குடும்பம்தான்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் போனில் துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, சத்தம்கூட இல்லை. சீட்டுதான் இருந்தது. தமிழக அரசு ஆன்லைன் ரம்மிக்கு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து தடை போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. ஆப்கள் திரும்பி வந்தன, போனஸ் தருவதாக மெசேஜ் வந்தது. ஊரடங்கில் வேலை இழந்து வீட்டில் இருந்த தம்பி, விட்டதைப் பிடிக்கிறேன் என்று நாலு லட்சத்துக்கு மேல் தொலைத்தான். அவன் மனைவியின் நகை போனது, கந்துவட்டிக்காரன் வாசலுக்கு வந்தான். ஒரு ராத்திரி முழுக்க அவனைத் தனியாக விடப் பயந்து நான் அவன் பக்கத்திலேயே படுத்திருந்தேன். கடனை இன்னும் சேர்ந்துதான் கட்டிக்கொண்டிருக்கிறோம். சத்தம் போட்டுச் சுட்ட என் மகனைத்தான் குடும்பமே கண்காணித்தது. அமைதியாக உட்கார்ந்திருந்த தம்பியை யாரும் கவனிக்கவில்லை.

அரசும் பல ஆண்டுகள் இந்தப் பணம் கட்டி ஆடும் சீட்டைக் கையாளத் தெரியாமல்தான் இருந்தது. 2022-இல் தமிழகம் மறுபடி சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று நீதிமன்றம் அவற்றை விலக்கிவிட்டது. இன்னொரு பக்கம், 2023 அக்டோபர் முதல் கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. வரி வந்ததால் யாரும் சீட்டை நிறுத்தவில்லை. தோற்கிறவன் பணத்தில் அரசுக்கும் பங்கு வந்தது, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம்தான், மகனின் விளையாட்டுக்கும் தம்பியின் சீட்டுக்கும் நான் நேரில் கண்ட வித்தியாசத்தை முதன்முதலாக எழுத்தில் வைத்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, கூடாது என்றது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளையாடியவருக்குத் தண்டனை இல்லை. ராஜ்கோட்டில் விளையாடிய பையன்களைக் கைது செய்த மனநிலையிலிருந்து இது வெகுதூரம். என் தம்பியைக் குற்றவாளியாகப் பார்க்காத சட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

வன்முறை விளையாட்டு யாரையும் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏழு வயசுப் பிள்ளை அதைப் பார்க்கக் கூடாது. அதற்கு வேண்டியது வயது வரம்பு. சினிமாவுக்கு யு/ஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று பிரிக்க 2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீடியோ கேமைப் பார்த்துச் சான்றிதழ் தர அப்படியொரு வாரியம் நம்மிடம் இல்லை. ஆப் ஸ்டோரில் தெரியும் வயதுக் குறியீடு, தயாரித்தவர்களே கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது. நம் மொழியில், வாங்குகிற பெற்றோருக்குப் புரிகிற மாதிரி ஒரு சான்றிதழ் கொடுத்தால், திடீர்த் தடைகளைவிடப் பயன் இருக்கும்.

அரசிடம் நான் கேட்பது மூன்றுதான். பணத்தை உறிஞ்சும் விளையாட்டை விடாமல் பிடியுங்கள். ரத்தம் காட்டும் விளையாட்டுக்கு வயதைத் தெளிவாக எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கிற கருவிக்கு வரியைக் குறையுங்கள். பெற்றோரிடம் கேட்பது ஒன்று: பிடுங்குவதற்கு முன்னால் ஒரு ஆட்டம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பணம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். சத்தம் வராத போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.