அத்தாவின் மாத்திரைப் பை



உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருந்து உண்பது அதைப் பேணுவதே. எந்த மருந்து எதற்காக என்று அறிந்து உண்பதும் அதில் அடங்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரும் நன்மை. ஆனால் கோம்பையின் முதியவர்கள் பலர் தேனிக்கோ மதுரைக்கோ சென்று இதய மருத்துவரையும் பார்க்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். என் அத்தாவின் பையில் அம்லோடிபின் இரண்டு வணிகப் பெயர்களில் இருந்தது. ஸஜ்தாவிலிருந்து எழும்போது அவருக்குத் தலை சுற்றியதன் காரணத்தை, அந்தப் பையைக் கண்ட பிறகே மருத்துவர் கூறினார்: இரட்டிப்பான மருந்து இரத்த அழுத்தத்தை அளவு மீறித் தாழ்த்தியிருந்தது.

முதுமையில் சிறுநீரகம் பல மருந்துகளை மெதுவாகவே வெளியேற்றும். வார்ஃபரின் உண்பவர் மூட்டு வலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி உண்டால் வயிற்றில் இரத்தம் கசியலாம். நீர் மாத்திரை உண்பவர் நோன்பு நோற்றால் உடல் வறளலாம். ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

அஞ்சித் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. மெட்டோப்ரோலாலைத் திடீரென விட்டால் மாரடைப்புகூட நேரலாம்.

வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட அனைத்தையும் ஒரே பையிலிட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். அட்டையில் வணிகப் பெயருடன் அச்சாகியுள்ள மருந்துப் பெயரைப் பிள்ளைகள் படித்து ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். பெற்றோருக்குச் செய்யும் கித்மத்தில் இதுவும் ஒன்று.

அல்லாஹ் நம் முதியோருக்கு ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.