மைனஸ் 15

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே, செல்போனில் உயரம் காட்டும் ஆப்பைத் திறந்தேன். மைனஸ் 15 மீட்டர் என்றது. கடலுக்கு அடியில் நிற்கிறேனாம்!

சுத்தப் பொய் என்றும் தள்ள முடியாது. பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் பிராணிகளின் படிமங்கள் கிடைக்கின்றன. பெரம்பலூர் பக்கம், சாத்தனூரில் 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரமும் அந்தக் காலத்துச் சமாசாரம். ஆனால், இன்றைய அரியலூர் கடல் மட்டத்துக்கு மேலே 75 மீட்டர் வாக்கில் இருக்கிறது.

சிரித்துவிட்டு போனை மூடியிருக்கலாம். மூடவில்லை. சித்தப்பா மகன், கிணற்றுத் தொட்டியிலிருந்து கோடி வயலுக்கு வாய்க்கால் வெட்ட இருந்தான். "மட்டம் பாக்க ஆள் சொல்லணும்ணே" என்றான். "ஆள் எதுக்குடா?" என்று நான் களத்தில் இறங்கினேன். தொட்டியடியில் மைனஸ் 12. கோடி வயலில் மைனஸ் 15. "மூணு மீட்டர் சரிவு. தண்ணி தானா ஓடும், போ!"

ஜே.சி.பி. வந்தது. வாய்க்கால் வெட்டியாயிற்று. தண்ணீர் பாதி தூரம் போய், யோசித்து, நின்றுவிட்டது.

தப்பு எங்கே? சாட்டிலைட் அளப்பது, பூமியை வழவழப்பான, சற்றே தட்டையான பந்தாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து. நமக்கு வேண்டியதோ கடல் மட்டத்திலிருந்து. 1909-ல் சர்வே ஆஃப் இந்தியா சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் அலையேற்றத்தைப் பார்த்து அந்தப் பூஜ்யத்தை நிர்ணயித்தது. நம் பக்கம் ஈர்ப்பு விசை கொஞ்சம் சோப்ளாங்கி. அதனால் கடல் மட்டமே அந்தக் கற்பனைப் பந்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே பள்ளம் நூறையும் தாண்டும். என் பி.காம். புத்திக்கு இப்படிப் புரிந்தது: ஓப்பனிங் பேலன்ஸே மைனஸ் 90. அதை நேர் செய்தால் மைனஸ் 15, பிளஸ் 75 ஆகிவிடும்.

ஆனால், தம்பியைக் கவிழ்த்தது இது அல்ல. ஒரே வயலின் இரு முனைக்கும் ஓப்பனிங் பேலன்ஸ் ஒன்றுதானே! கவிழ்த்தது வேறு. நமக்குத் தெரியும் சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலே. காலுக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. ஆகவே, நிற்கும் இடத்தைவிட உயரத்தில்தான் பிழை அதிகம். செல்போனில் ஐந்து, பத்து மீட்டர்கூட அனாயாசமாகத் தவறும். சர்வேயர்கள், உயரம் தெரிந்த இடத்தில் ஒரு கருவி, புது இடத்தில் இன்னொரு கருவி வைத்து, பொதுவான பிழையைக் கழித்து, சென்டிமீட்டர் கணக்குக்கு வருகிறார்கள். அதற்கப்புறமும் வாய்க்கால், பாலம் என்றால் லெவல் மெஷினைத்தான் தேடுகிறார்கள்.

கடைசியில் உள்ளூர்க் கொத்தனார் வந்தார். கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப். முளை அடித்து முளை அடித்து, டியூபின் இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடி வயல் ஒரு சாண் மேடு!

"போன்ல என்ன சார் போட்டிருந்துச்சு?" என்று விசாரித்தார். சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல மனுஷர்.

வாய்க்காலை மூட மறுபடி ஜே.சி.பி. வந்தது. அந்த வாடகை மட்டும் என்னுடையது.