கப்தோரிலிருந்து வந்தவர்கள்

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் சைக்கிள் கரியரில் இரண்டே பொருட்கள்: ஓர் அரிசிப் பை, பொலித்தீனில் சுற்றிய வேதாகமம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கியிருந்த நாட்களில், குப்பி விளக்கில் அப்பா தானியேலை வாசிப்பார். நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை: தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் மட்டும் இரும்பும் களிமண்ணும். "பாதத்தைப் பார் தம்பி. எந்த இராச்சியமும் அதிலைதான் நிக்குது" என்பார். எந்த இராச்சியத்தைச் சொல்கிறார் என்று சுற்றியிருந்த எல்லோருக்கும் விளங்கும். அவ்வருடம் யூலையில் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்திருந்தது. அந்தச் சிலை எங்களுக்கு வெறும் கதையல்ல, வாக்குறுதி.

2009 மே மாதம் நாங்கள் ஒக்லாந்தில் இருந்தோம், மவுண்ட் ரொஸ்கிலில். முள்ளிவாய்க்கால் முடிந்த இரவு நான் அப்பாவிடம் கத்தினேன்: "உங்கடை கல் எங்கை? சிலை விழேல்லை, சனம்தானே விழுந்தது?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவர் தானியேலைத் திறந்ததை நான் காணவில்லை. எரேமியாவுக்குப் போனார், சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடுங்கள் என்கிற கடிதம். அப்பா சட்டியில் கறிவேப்பிலை வைத்தார். குளிர் தொடங்கினால் அதை வீட்டுக்குள் தூக்கி வருவார்.

அதே எரேமியாதான் பாபிலோன் அரசனைக் கடவுளின் ஊழியக்காரன் என்றும் சொல்கிறார். எருசலேமை எரித்தவனை! அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு மகளைப் பள்ளிக்கூடத்தில் தக்கபராவௌவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒராக்கேயில் கடலைப் பார்த்த மேட்டு நிலம். பறிபோன தங்கள் நிலத்துக்காக ங்காட்டி பாத்துவா மக்கள் 1977 ஜனவரியில் அங்கே குடியமர்ந்தார்கள். 506 நாட்கள் இருந்தார்கள். 1978 மே 25 அன்று பொலிசும் இராணுவமும் வந்து 222 பேரைக் கைது செய்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த நிலம் திரும்பக் கிடைத்தது.

தே கூட்டியைப் பற்றியும் அவள் படித்திருந்தாள். 1866இல் விசாரணையின்றி சத்தம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அங்கே வேதாகமத்தை வாசித்துத் தம் மக்களை எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலராகக் கண்டார். 1868 யூலையில் ஒரு கப்பலைக் கைப்பற்றி ஏறக்குறைய முந்நூறு பேரோடு கடல் கடந்தார். ரிங்காட்டூ என்ற அவருடைய விசுவாசம் இன்றும் இருக்கிறது. அதே வருட நவம்பரில் அவருடைய ஆட்கள் மாத்தவேரோவில் வெள்ளையரையும் மாவோரிகளையும் கொன்றதும் அவள் பாடத்தில் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்: "அப்பப்பா, அவையள் இஸ்ரவேலர் எண்டால், இஞ்சை நாங்கள் ஆர்?"

நான் தட்டைப் பார்த்தேன். இங்கே எங்களுக்கு விசாவும் வீட்டு உறுதியும் தந்தது அந்த நிலத்தை எடுத்த அதே முடியின் அரசு. ஒரே பிரித்தானிய முடி ஆண்ட இரண்டு தீவுகள். இரண்டிலும் மிஷனரிமார் அதே புத்தகத்தைக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஆளப்பட்டவர்கள் தங்களையே அதில் கண்டார்கள்.

அப்பா எழுந்துபோய் வேதாகமத்தை எடுத்து வந்தார். திறந்தது ஆமோஸ். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கொண்டுவந்த கடவுள், அவர்களுடைய எதிரிகளான பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் தாமே கொண்டுவந்ததாகச் சொல்லும் பகுதி.

"ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு கடல் இருந்திருக்கு பிள்ளை. எங்களுக்கு மட்டும் எண்டு நான் கனகாலம் நினைச்சிட்டன்."

"அப்ப முள்ளிவாய்க்கால்?" என்றேன்.

"அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை தம்பி. இருந்திருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய, தக்கபராவௌவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். காற்று பலமாக அடித்தது. நுழைகிற இடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகலாமா என்று யாரையாவது கேட்கவேண்டும்போல நெடுநேரம் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.